தொட்டிச் செடிகளில் பூச்சி: எந்த வேலை முதலில், எது அப்புறம்

செடியில் வெள்ளையாக எதையோ பார்த்ததும் பலரும் முதலில் தேடுவது வேப்ப எண்ணெய் பாட்டிலைத்தான். அடிக்கிறார்கள். இரண்டு நாளில் குறைந்தது போலத் தெரிகிறது. அடுத்த வாரம் பழையபடி வந்து உட்கார்ந்திருக்கிறது. "வேப்ப எண்ணெய் வேலைக்கு ஆகாது" என்று முடிவுகட்டி, கடைக்குப் போய் ரசாயன மருந்து வாங்கி வருகிறார்கள்.

கீழே உள்ள வரிசையில் மருந்து அடிப்பது எட்டாவது படி. முன்னால் இருக்கும் ஏழு படிகளையும் தாண்டிவந்து அங்கே தொடங்குவதால்தான் மருந்து தோற்கிறது. சென்னை போன்ற வெயில் ஊரில், பால்கனியிலும் ஜன்னலோரத்திலும் தொட்டி வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மொட்டை மாடித் தோட்டத்துக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் கைவசம் இருக்க வேண்டியவை

பூச்சி வந்தபிறகு ஒவ்வொன்றாக வாங்க ஓடினால் அதற்குள் அது பக்கத்துத் தொட்டிக்குப் போயிருக்கும். இவ்வளவும் ஒரு டப்பாவில் இருக்கட்டும்: கைப்பிடி ஸ்ப்ரேயர் ஒன்று, பழைய டூத் பிரஷ், இயர் பட்ஸ், மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், கத்தரிக்கோல், மஞ்சள் ஒட்டும் அட்டை நாலைந்து, காதி சோப்பு போன்ற சாதாரணச் சோப்பு, செக்கில் ஆட்டிய வேப்ப எண்ணெய், மருந்து அளக்கும் 5 மில்லி மூடி, ஒரு வெள்ளைத் தாள்.

வேப்ப எண்ணெய் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். மூக்கைச் சுளிக்க வைக்கும் கசப்பு நெடி இருக்க வேண்டும். வாசனை நீக்கிச் சுத்திகரித்த எண்ணெயில் பூச்சியைத் தடுக்கும் அசாடிராக்டின் மிகக் குறைந்துவிடும். உரக் கடைகளில் 300, 1500, 10000 பிபிஎம் என்று அச்சிட்ட பாட்டில்களும் உண்டு. அந்த எண் அசாடிராக்டினின் அளவு. அவை தண்ணீரில் கரையும்படி தயாரிக்கப்பட்டவை என்பதால் கலக்கும் அளவுக்கு அந்தந்த லேபிளைத்தான் பார்க்க வேண்டும். செக்கு எண்ணெயின் அளவை அப்படியே இவற்றுக்குப் போடக் கூடாது.

2. புதுச் செடியை இரண்டு வாரம் தனியே வையுங்கள்

வீட்டுக்குள் வரும் பூச்சி பல நேரம் நர்சரிப் பையோடுதான் வருகிறது. வாங்கி வந்த அன்றே மற்ற தொட்டிகளுக்கு நடுவே அழகாக அடுக்கிவிடுவது எல்லோரும் செய்வது. அதைத் தவிருங்கள்.

இரண்டு வாரம் ஏன் என்றால், நீங்கள் வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் அதற்குள் பொரித்து, குஞ்சுகள் பார்க்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். தனியே வைக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தையும் கணுக்களையும் பாருங்கள். பையின் அடி ஓட்டைகளையும் பாருங்கள். ஓட்டைகளில் வெண்பஞ்சு போல ஏதாவது தெரிந்தால் அது வேர் மாவுப்பூச்சியாக இருக்கலாம். அந்தச் செடியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

3. வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள்

தண்ணீர் ஊற்றும்போது மேலிருந்து பார்ப்பது பார்த்த கணக்கில் சேராது. சாறு உறிஞ்சும் பூச்சிகள் பெரும்பாலும் இலையின் அடியில் இருக்கும். அங்கே வெயில் இல்லை, மழை படாது, தோலும் மெல்லிசு.

ஒவ்வொரு செடியிலும் மூன்று இடம் போதும்: நுனிக் கொழுந்து, நடுவில் ஓர் இலையின் அடிப்பக்கம், தண்டும் காம்பும் சேரும் கணு. வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள். காலைக் குளிர்ச்சியில் வெள்ளை ஈ மந்தமாக உட்கார்ந்திருக்கும். நண்பகலில் இலையைத் தொட்டதுமே பறந்துவிடும்.

இலையோ கீழே தரையோ பிசுபிசுவென்று ஒட்டினால், பூச்சியைக் காணாவிட்டாலும் அது அங்கேதான் இருக்கிறது. சாறு உறிஞ்சும் பூச்சிகள் மிஞ்சிய சர்க்கரையைத் தேன் போலக் கழிக்கின்றன. அதன்மேல் பிறகு கரும்பூசணம் படியும். கறுப்பைப் பார்த்து பூஞ்சாண மருந்து அடிப்பவர்கள் நிறைய. பூச்சி போனால் கறுப்பை ஈரத்துணியால் துடைத்தே எடுத்துவிடலாம்.

4. கண்டதும் தொட்டியை நகர்த்துங்கள்

என்ன பூச்சி என்று ஆராய்வதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். இலையோடு இலை உரசும் இடம்தான் பூச்சிக்குப் பாலம். நகர்த்த முடியாத பெரிய தொட்டியானால் பக்கத்துத் தொட்டிகளை நகர்த்துங்கள். பாதித்த செடியைத் தொட்ட கையோடும் கத்தரிக்கோலோடும் அடுத்த செடிக்குப் போகாதீர்கள். ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுப் போங்கள்.

5. எந்தப் பூச்சி என்று தெரிந்துகொள்ளுங்கள்

அதிகம் சறுக்குவது இங்கேதான். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை அடித்தால் சிலவற்றுக்கு அது தேவையே இல்லாமல் போகும், சிலவற்றின் மேல் ஒட்டவே ஒட்டாது.

*மாவுப்பூச்சி.* செம்பருத்தியின் நுனி சுருண்டு குட்டையாகக் கொத்துக் கொத்தாக நின்றால், விரித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை மாவு பூசிய தட்டையான பூச்சிகள் நெருக்கியடித்து இருக்கும். அந்த மாவு மெழுகு. வெறும் தண்ணீரும் பல மருந்துகளும் அதன்மேல் உருண்டு ஓடிவிடும். பஞ்சு மூட்டை போலத் தெரிவது முட்டைப் பை. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அதனால் நீங்கள் விட்டுவைத்த ஒரே ஒரு பஞ்சு மூட்டை போதும், எல்லாம் முதலிலிருந்து தொடங்க.

*அசுவினி.* பச்சையாகவோ கறுப்பாகவோ கொழுந்தில் மொய்க்கும். அவரைக் கொடியில் வழக்கமான விருந்தாளி. ஆண் துணையில்லாமலே நேரடியாகக் குட்டி போடுவதால் நாலு நாளில் நுனி முழுக்க நிறைந்துவிடும். ஆனால் உடம்பு மெத்தென்றது. தண்ணீரைப் பீய்ச்சினாலே உதிர்ந்துவிடும், பெரும்பாலும் ஏறிவராது. இதற்கு மருந்தே பெரும்பாலும் தேவைப்படாது.

*வெள்ளை ஈ.* செடியை ஆட்டினால் வெண்துகள்கள் பறந்து மறுபடி உட்காரும். பறப்பதைத் துரத்திப் பயனில்லை. இலையடியில் அசையாமல் ஒட்டியிருக்கும் முட்டை வடிவக் குஞ்சுகள்தான் இலக்கு.

*சிவப்புச் சிலந்தி.* இது பூச்சியே அல்ல, எட்டுக் கால் சிலந்தி இனம். இலையில் ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளிகள் நிறையும். முற்றினால் மெல்லிய வலை தெரியும். வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் ஏதாவது நகர்ந்தால் அதுதான். விரலால் தேய்த்தால் தாளில் செம்பழுப்புக் கோடு விழும். ஏப்ரல் முதல் ஜூன் வரை, வறண்ட வெக்கையில், முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஏறக்குறைய ஒரு வாரமே ஆகும். ஏசி அறைச் செடிகளுக்கும் இது வரும், காற்று வறண்டிருப்பதால். இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சி மருந்துகள் இதைக் கொல்லாது. அடித்த பிறகு சிலந்தி பெருகியதும் உண்டு.

*இலைப்பேன்.* இலையில் வெள்ளிப் பூச்சு போன்ற கீறல், அதன்மேல் கரும்புள்ளிகளாக எச்சம், விரியாமல் கருகும் ரோஜா மொட்டு. மிளகாய்ச் செடியில் ஒரு நல்ல அடையாளம் உண்டு: இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் மஞ்சள் சிலந்தி. இலைப்பேன் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழு ஆவதால் இலையை மட்டும் கவனித்தால் தீராது.

*செதில் பூச்சி.* தண்டில் பழுப்புக் கொப்புளம் போல இருக்கும், செடியின் உறுப்பு என்றே பலரும் நினைத்துவிடுவார்கள். நகத்தால் சுரண்டுங்கள். சுளையாகப் பெயர்ந்துவந்து அடியில் ஈரம் இருந்தால் உயிரோடு இருக்கிறது. காய்ந்து பொடியானால் அது செத்த ஓடு. செத்த பிறகும் ஓடு அப்படியே ஒட்டியிருக்கும் என்பதால், ஓட்டைப் பார்த்துப் பயந்து திரும்பத் திரும்ப மருந்து அடிக்க வேண்டாம்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலத் தெரியும் புழுவும், வளர்ந்தபின் பச்சையாகத் தடித்து நிற்கும் புழுவும் பட்டாம்பூச்சியின் குஞ்சுகள். கையால் எடுத்துவிடலாம். செடி பெரிதாக இருந்தால் நான் விட்டுவிடச் சொல்வேன். கறிவேப்பிலை மறுபடி துளிர்க்கும்.

6. எறும்பைத் தடுங்கள்

எறும்பு வரிசையாக ஏறினால் செடியைக் கடிக்க வருகிறது என்று நினைக்கிறார்கள். அது வருவது அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி கழிக்கும் தேனுக்கு. பதிலுக்கு, அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகிறது. எறும்பு ஏறிக்கொண்டிருக்கும்வரை நீங்கள் அடிக்கும் மருந்து பாதி வீண்.

தொட்டி ஸ்டாண்டின் கால்களில் இரண்டு விரல் அகலத்துக்கு கிரீஸோ வாசலினோ தடவுங்கள். தூசி படிந்தால் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். சுவரைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக வரும். கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழக்கம் பழையது. ஆனால் தேங்கிய சுத்தமான நீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளரும். அப்படி வைத்தே ஆகவேண்டும் என்றால் சோப்புக் கரைசல் ஊற்றி, வாரம் ஒருமுறை கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

7. வெட்டுங்கள், பிறகு கழுவுங்கள்

மருந்துக்கு முன் பூச்சியின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் இந்தப் படியின் வேலை. சுருண்ட நுனிக்குள் எந்த ஸ்ப்ரேயும் நுழையாது. அதனால் சுருண்டதை எல்லாம் வெட்டுங்கள். செம்பருத்தி, துளசி, மிளகாய் எல்லாம் வெட்டுத் தாங்கும். வெட்டியதைத் தொட்டி மண்ணிலோ உரக் குழியிலோ போடாதீர்கள், பூச்சி நடந்து திரும்பி வரும். சோப்புத் தண்ணீர் வாளியில் ஒரு நாள் முக்கி வைத்து அப்புறம் குப்பைக்கு.

அடுத்தது கழுவுதல். தொட்டியின் வாயை பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, செடியைச் சாய்த்து, குழாயோ ஷவரோ கொண்டு இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பையைக் கட்டுவது மண் கொழகொழத்துப் போகாமலும் உதிர்ந்த பூச்சி மண்ணில் விழாமலும் காக்கும். அசுவினிக்கும் சிவப்புச் சிலந்திக்கும் இந்தப் படியே பாதிச் சிகிச்சை.

மாவுப்பூச்சியும் செதிலும் தண்ணீருக்கு அசையாது. இயர் பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். தொட்ட மாத்திரத்தில் வெள்ளை மாவு கரைந்து, உள்ளே ஆரஞ்சு கலந்த பழுப்பு உடம்பு தெரியும். மெழுகு போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கணு இடுக்குகளுக்கு டூத் பிரஷ். தொட்டி விளிம்பின் உள்பக்கத்தையும் அடியையும் துடைக்க மறக்காதீர்கள், முட்டைப் பைகள் அங்கேயும் இருக்கும். ஸ்பிரிட்டைச் செடி முழுக்க ஸ்ப்ரே செய்யாதீர்கள், இலை கருகும்.

8. இப்போது மருந்து

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய். கலக்கும் வரிசைதான் இதில் முக்கியம். எண்ணெயை நேரே தண்ணீரில் விட்டு அப்புறம் சோப்பைப் போடுகிறார்கள். எண்ணெய் மேலே மிதக்க, முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயும் செடிமேல் விழும். கடைசியில் அடித்த செடி கருகுவது அதனால்தான்.

சோப்பைச் சீவி, கொஞ்சம் வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து ஆறவிடுங்கள். சிறு கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்பூனால் அடியுங்கள். மஞ்சளாக, கண்ணாடி போல இருந்த எண்ணெய் மெல்ல வெளுத்து மோர் நிறத்துக்கு வரும். பிறகு மீதித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஐந்து நிமிடம் வைத்து, மேலே எண்ணெய் வட்டங்கள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இன்னும் சோப்பு வேண்டும். தெரியாவிட்டால் ஸ்ப்ரேயரில் ஊற்றலாம்.

போர்வெல் தண்ணீரில் இது சரியாக வராது. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து வெள்ளைப் பிசிறாகிவிடும், நுரையும் வராது, பூச்சியையும் கொல்லாது. மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள். சோப்பு மருந்து பலிக்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்தத் தண்ணீர் என்பதைத்தான். துணி சோப்புத் தூளும், பிளீச் கலந்த பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். அவை இலையின் மேல்தோலைச் சிதைக்கும்.

முதல் நாள் ஒரே ஓர் இலையில் அடித்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள். பெரணி வகைகள் எளிதில் கருகும். எச்செவேரியா போல இலைமேல் வெண்பூச்சு உள்ள சதைச் செடிகளில் எண்ணெய் அந்தப் பூச்சை அழித்துவிடும், அது திரும்ப வராது. அவற்றுக்கு ஸ்பிரிட்டும் இயர் பட்ஸும் போதும்.

மாலையில், வெயில் நன்றாகத் தாழ்ந்த பிறகு அடியுங்கள். எண்ணெய்ப் படலத்தின்மேல் வெயில் பட்டால் இலை வேகும், வெயில் அசாடிராக்டினையும் சிதைக்கும். தேனீ திரியும் நேரமும் அதற்குள் முடிந்திருக்கும். வாடி நிற்கும் செடிக்கு அடிக்காதீர்கள். காலையில் தண்ணீர் ஊற்றித் தெளியவிட்டு மாலையில் அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். சோப்பும் எண்ணெயும் பூச்சியின் உடம்பில் பட்டால்தான் வேலை செய்யும், பக்கத்து இலையில் பட்டால் பயனில்லை. கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வேம்பு மீனுக்கு ஆகாது, மீன் தொட்டி அருகே அடிக்க வேண்டாம்.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசலைப் பற்றிக் கேட்பார்கள். நெடியால் சில பூச்சிகளை விலக்கும், அவ்வளவுதான். மாவுப்பூச்சியின் மெழுகை அது கரைக்காது. கொசுவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைச் செடியில் அடிப்பது கூடவே கூடாது. அதில் உள்ள கரைப்பான் இலையைப் பொசுக்கும், மருந்து வீட்டுக்குள் சுற்றும். துளசி, கறிவேப்பிலை, புதினா போல வாயில் போடும் செடிகளில் இது இன்னும் ஆபத்து.

9. மறுபடியும், மறுபடியும்

சோப்பும் எண்ணெயும் முட்டையைச் சரியாகக் கொல்லாது. இன்று இருப்பவை செத்தாலும் இன்னும் சில நாளில் முட்டைகள் பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுவதற்குள் அடுத்த முறை அடித்தாக வேண்டும். இடைவெளியை முடிவு செய்வது இந்தக் கணக்குதான்.

சிவப்புச் சிலந்திக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை, மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் வாரம் ஒருமுறை. குறைந்தது மூன்று சுற்று, மாவுப்பூச்சிக்கு நான்கு. இரண்டாவது சுற்றோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம், செடி அப்போது சுத்தமாகத் தெரிவதால். பூச்சி கண்ணில் படாத பிறகும் ஒரு சுற்று அடியுங்கள். நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

இந்த நாட்களில் உரம் போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் செடி மெத்தென்ற கொழுந்தாக விடும், சாறு உறிஞ்சிகளுக்கு அதுதான் வேண்டும். பொறிவண்டின் குஞ்சையும் அறிந்து வையுங்கள். அசுவினிக்கு நடுவே திரியும் கறுப்பு, ஆரஞ்சு நிறப் புழுவை எதிரி என்று நசுக்கிவிடுகிறார்கள். மாவுப்பூச்சி தின்னும் ஒரு பொறிவண்டின் குஞ்சு தானே வெள்ளை மெழுகு நூல்களோடு பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். வேகமாக நடந்தால் அது நண்பன். அது இருக்கும் கிளையில் மருந்து வேண்டாம்.

10. மண்ணிலிருந்து பறக்கும் சின்ன ஈ

மணி பிளான்ட் தொட்டியிலிருந்து கறுப்பாகச் சின்ன ஈக்கள் எழும்பினால் அவை காளான் ஈக்கள். இலையில் மருந்து அடித்துப் பயனில்லை, புழு ஈர மண்ணில் இருக்கிறது. அதிகத் தண்ணீரும் கோகோபீட்டும்தான் காரணம். வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் அரிசி கழுவிய நீர், வாழைப்பழத் தோல் ஊறல் ஊற்றுவதும் இவற்றை வரவழைக்கும்.

மேல்மண் ஓர் அங்குலம் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். மஞ்சள் அட்டையை மண்ணுக்குச் சற்று மேலே படுக்கையாக வையுங்கள். உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண்மேல் அழுத்தி வைத்து இரண்டு நாள் கழித்துத் திருப்பினால், கருந்தலையோடு கண்ணாடி போன்ற புழுக்கள் ஒட்டியிருக்கும். வில்லையோடு எறிந்துவிட்டு வேறொன்று வையுங்கள். மண் காய்ந்ததும் மேலே ஒரு விரற்கடை மணல் பரப்பினால் ஈ முட்டையிட ஈரம் கிடைக்காது. அட்டை பெரிய ஈக்களை மட்டுமே பிடிக்கும். மண்ணைக் காயவிடாமல் அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் இது முடிவதே இல்லை.

11. எப்போது செடியைக் கைவிடலாம்

நான்கு சுற்று ஒழுங்காக அடித்தும் நுனியில் பூச்சி திரும்பினால், தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேர்களில் வெண்பொடி படிந்திருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, சோப்புக் கரைசலில் நனைத்து, புது மண்ணில் வைக்க வேண்டும். விலை குறைந்த செடிக்கு இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. சுத்தமான கிளை ஒன்று இருந்தால் வெட்டி, கழுவி, புது மண்ணில் நட்டு வேர்விடச் செய்யுங்கள். மற்றதைப் பையில் கட்டி வெளியே அனுப்புங்கள்.

காலியான தொட்டியை சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவையுங்கள். பழைய மண்ணை லேசாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் பையில் கட்டி, கோடை வெயிலில் மொட்டை மாடியில் நாலு முதல் ஆறு வாரம் வையுங்கள். கறுப்புப் பையைவிடத் தெளிவான பையில் வெப்பம் உள்ளே அதிகம் ஏறும். திரும்பப் பயன்படுத்தும்போது 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்து, பத்து நாள் ஈரத்தில் வைத்த பிறகு செடி நடுங்கள். புண்ணாக்கு மட்கும்போது சூடு வரும், உடனே நட்டால் இளம் வேர் தாங்காது.